அறிக்கைப் புத்தகம், பக்கம் அறுபத்தொன்று

வியாழன், மாலை நாலு மணி. தாம்வே. ஆனி மழை.
மின்சாரம் வழக்கம்போல இல்லை.
வந்தவர்கள் ஒன்பது பேர் என்று எழுதினேன்.
மாதர் சங்கச் செயலாளர் நான்,
எழுதுவதுதான் என் ஊழியம்.

சாட்சிக்கு ஒரு வரி போதும் என்பார் போதகர்.
மாதக் கடைசியில் படித்துக் கையெழுத்திடுவார்.
ஆகவே பதினாறு வருஷமாக அதே வரி:
'சகோதரி இன்னார் சாட்சி சொன்னார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.'
பித்தப்பைக் கல் கரைந்ததும்
மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும்
திருடுபோன சைக்கிள் திரும்பி வந்ததும்
அதற்குள் அடங்கின.
எங்கள் சாட்சிகள் முடிவிலிருந்து தொடங்குபவை.
கரை ஏறிய பிறகுதான்
கடலைப் பற்றிப் பேசுவோம்.

அன்று எப்சிபா எழுந்தாள்.
விடியலில் அவித்த பட்டாணி விற்பவள்,
கன்னத்தில் தனக்கா திட்டுத் திட்டாக.
"என் வீட்டுக்காரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று
இங்கே பல தடவை சொல்லியிருக்கிறேன்.
நித்திரையடையவில்லை.
ரனோங்கில் மீன் கம்பெனியில் இருக்கிறார்.
அங்கே ஒருத்தி. ரெண்டு பிள்ளைகள்.
போன வாரம் போனில் கூப்பிட்டார்.
பட்டாணி இப்போது என்ன விலை என்று கேட்டார்."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.
எந்த இடத்தில் சொல்வது என்று தெரியவில்லை.

"செத்தவருக்குக் கல்லறை வேண்டுமே.
திருநாளுக்கு எல்லாரும் யேவேக்குப் போகிறீர்கள்,
நான் எங்கே போவேன்?
பெயர் இல்லாத ஒரு குழி பார்த்தேன்,
குழாயடிக்குப் பின்னால், மதிலோரம்.
பதினோரு வருஷமாக அதற்குத்தான் மெழுகுவர்த்தி.
முதல் வருஷம் நடிப்பு.
அப்புறம் புல் பிடுங்கினேன்.
அப்புறம் அழவும் செய்தேன்,
அவருக்காக இல்லை."

எனக்கு மூன்று நாற்காலி தள்ளி சலோமி.
ஐம்பத்தெட்டு வயது. பாடகர் குழுவில் ஆல்டோ.
சாட்சி நேரம் வந்தால்
தேநீர் பார்க்க எழுந்து போய்விடுபவள்.
அன்று போகவில்லை.
"அந்தக் குழி குட்டையா?" என்றாள்.
எப்சிபா இரண்டு கையாலும் அளந்து காட்டினாள்.
ஒரு தலையணை நீளம்.
பார்க்கிறவர்கள் யாரும் அளந்து பார்ப்பதில்லை.
கைகள் அப்படியே நின்றுவிட்டன.

"பெண் பிள்ளை" என்றாள் சலோமி.
"கல்யாணத்துக்கு முந்தி. பதினேழு நாள் இருந்தாள்.
அப்போது கல் வைக்கக் காசில்லை.
காசு வந்தபோது,
யார் மகள் என்று பொறிப்பது?
திருநாளுக்கு மறுநாள் விடியலில்தான் போவேன்.
வருஷா வருஷம் மெழுகு உருகிக் கிடக்கும்.
யாரோ இடம் தெரியாமல் ஏற்றியது என்று நினைப்பேன்.
ஒரு தடவை அதைச் சுரண்டி எடுத்து
வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
இன்னும் ஊறுகாய் ஜாடியில் இருக்கிறது."

கட்டிப்பிடித்து அழுதார்கள் என்றால் எழுத வசதி.
அப்படி நடக்கவில்லை.
"மன்னிச்சிரு, கேட்காமல் ஏத்திட்டேன்"
என்றாள் எப்சிபா, உட்கார்ந்தாள்.
"பேர் என்ன?" இருட்டில் யாரோ.
சலோமி சொன்னாள்.
முப்பத்தொன்பது வருஷம் வாய்க்கு வராத பெயர்
கரகரத்து வந்தது,
பயன்படுத்தாத குழாயில்
முதலில் வரும் தண்ணீர் மாதிரி.

முடிவு ஜெபத்துக்கு எழுந்த போதகரம்மா
ஜெபிக்காமல் மறுபடி உட்கார்ந்து
இளைய மகனைப் பற்றி ஆரம்பித்தார்.
அதற்கு முடிவு இல்லை,
இன்னும் இல்லை.
ஆறு மணிக்கு முடிய வேண்டிய கூட்டம்.
தேநீரில் ஆடை படிந்தது.

புத்தகத்தில் 'தேநீர் வழங்கப்பட்டது' என்று எழுதினேன்.
மீதிப் பக்கம் வெள்ளை.
மாதக் கடைசியில் போதகர் கேட்டார்,
மை தீர்ந்துவிட்டதா என்று.
ஆமாம் என்றேன்.
அது பொய்.
அதையும் ஒரு வியாழன் சொல்ல வேண்டும்,
அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச்
சொன்ன பிறகு.